மழை என்று நான் சொன்ன பிற்பகல்

கிங்ஸ்பரி நிலையத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். உள்ளே போய் ரயில் எடுத்திருக்க வேண்டியவன், வாசலைக் கண்டும் நிற்காமல் வெம்பிளிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். கையில் ஒரு ஐஸ்கிரீம் பெட்டி. ஐஸ்கிரீம் எப்போதோ முடிந்துபோய், இப்போது இடியப்பம் அடுக்கி, சொதியைத் தனியே பொலித்தீன் பையில் முடிந்து வைத்து மூடிய பெட்டி. அதன் அடி இன்னும் சூடாக இருந்தது. குளிரில் விரைத்த விரல்களுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது, அப்படி இருந்ததற்காக எனக்கு வெட்கமாகவும் இருந்தது. ஒரு மனிதரின் வேலை போவதற்குக் காரணமாக இருந்துவிட்டு, அதைச் சொல்வதற்காக அவருடைய வீட்டுக்குப் போய், அவருடைய மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

ஓர் இடத்தை விட்டு நடந்து போவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றது; பள்ளிக்கூடமே போரில் இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. அதன் பிறகு நான் எதையும் முழுதாக முடித்ததில்லை. லண்டனுக்கு வந்து பதினான்கு வருடத்தில் பெற்றோல் நிலையம், கோழிக்கடை, கார் கழுவும் இடம், ஒரு திருமண மண்டபத்தின் பின்கட்டு என்று பல இடங்கள். ஒரு காலை எழும்பினால் இன்றைக்குப் போகக்கூடாது என்று தோன்றும், போகமாட்டேன், அவ்வளவுதான். அன்றைக்கும் ஒரு திட்டம் வைத்திருந்தேன். ஈஸ்ட் ஹாமில் மூன்று பேர் இருந்த அறைக்குப் போய், என் பையை எடுத்துக்கொண்டு, லெஸ்டரில் கூட்டாளி ஒருவன் வேலை செய்த துணிக் களஞ்சியத்துக்குப் போய்விடுவது.

அந்த மனிதரை நாங்கள் பொறுப்பாளர் அண்ணை என்போம். எட்மண்டனில், ஆற்றங்கரைத் தாழ்வில், தொழிற்சாலைகளுக்கு நடுவே எங்கள் கொம்பனியின் முற்றம் இருந்தது. குளிர்காலத்தில் முதியோர் இல்லங்கள், மருத்துவ நிலையங்கள், பாடசாலைகள் என்று எங்களோடு ஒப்பந்தம் செய்தவர்களின் வாசல்களுக்கும் கார் தரிப்பிடங்களுக்கும் உப்புப் போடுவது எங்கள் வேலை. பாதையில் உப்பு இருந்தால் பனி உறையாது, ஆட்கள் வழுக்கி விழமாட்டார்கள். எங்களிடம் ஏழு வான்கள் இருந்தன. எந்த வான் எப்போது எங்கே போக வேண்டும் என்று சொல்வது அவர். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். கம்பளித் தொப்பி, அதற்கு மேல் மூக்குக்கண்ணாடி. ஐரோப்பாவுக்கு வரும் வழியில், காசு வாங்கிக் களவாக ஆட்களைக் கூட்டிவரும் ஏஜென்சிக்காரன் உக்ரேனில் ஒரு வீட்டில் எட்டு மாதம் பூட்டி வைத்ததாகவும், அந்த யன்னலால் பார்த்த ஒரே காட்சி பனி என்றும் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எல்லோரும் அப்படிப் பூட்டிய ஏதோ ஒரு வீட்டில் இருந்து வந்தவர்கள்தான்.

குளிர் கடுமையான நாட்களில் எங்கள் வேலை சுலபம். பூச்சியத்துக்குக் கீழே மூன்று நான்கு என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, உப்பைப் போட்டுவிட்டு வரலாம். லண்டனில் அப்படியான நாட்கள் குறைவு. இங்கே பெரும்பாலும் வருவது இரண்டுங்கெட்டான் வானிலை. பூச்சியத்துக்கு மேலே ஒன்றோ ஒன்றரையோ இருக்கும், மேகம் கறுத்திருக்கும், மழையா பனியா என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் சேர்ந்து விழுவதை நாங்கள் கலவை என்போம். கலவை நாட்களில் அவசரப்பட்டு உப்புப் போட்டால் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும்; பிறகு பனி விழும்போது நிலம் வெறுமையாகக் கிடக்கும். பிந்திப் போட்டால் பனி ஏற்கெனவே கால்பட்டு இறுகியிருக்கும். மழை பனியாக மாறும் அந்த இடைவெளியில் போட வேண்டும். சில நாட்களில் அது இருபது நிமிடம்கூட இருக்காது. அதைக் கண்டுபிடிப்பதுதான் பொறுப்பாளர் அண்ணையின் வேலை.

முற்றத்துச் சுவரில் இரண்டு வெப்பமானிகள் தொங்கவிட்டிருந்தார். ஒன்று சும்மா இருக்கும். மற்றதன் குமிழில் காயத்துக்குக் கட்டும் பருத்தித் துணியைச் சுற்றி, அதன் நுனி ஒரு ஜாம் போத்தல் தண்ணீரில் ஊறும்படி விட்டிருந்தார். ஈரத்துணி கட்டியது எப்போதும் குறைவாகக் காட்டும். குளித்துவிட்டுத் துடைக்காமல் காற்றில் நின்றால் எப்படிக் குளிரும், அப்படித்தான், என்பார். மழை வலுக்க வலுக்கக் காற்றும் அந்த ஈரத்துணியின் அளவுக்குக் குளிர்ந்துவிடும். ஆகவே ஈரத்துணி பூச்சியத்தை நெருங்கினால் மேலே இருந்து வருவது எந்த நேரமும் மாறலாம். வெளியே இரண்டு பாகை இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. கைத்தொலைபேசியில் மூன்று வானிலைச் செயலிகளையும் வைத்திருந்தார். மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும். அதனால் கடைசியில் அவர் நம்பியது ஆட்களைத்தான். கலவை நாள் வந்தால் மூன்று உயரங்களில் மூன்று பேரை நிறுத்துவார். ஒருவர் முற்றத்தில், ஒருவர் நடுமேட்டில், ஒருவர் வடக்கே குன்றின் உச்சியில். பனி முதலில் உச்சியில்தான் பிடிக்கும். கால்மணிக்கு ஒருமுறை போன் எடுத்து, என்ன விழுகிறது என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுவார். அதற்கு ஒரு கட்டாய விதி இருந்தது. வானுக்குள் இருந்து பார்த்துச் சொல்லக்கூடாது. இறங்கி வெளியே நின்று, கறுப்பு ஜாக்கெட்டின் கையை நீட்டி, அதில் விழுவது பத்து எண்ணும் வரை வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சூடேற்றிய வானின் முன்கண்ணாடியில் எது விழுந்தாலும் அந்தக் கணமே தண்ணீராகிவிடும். உள்ளே இருப்பவனுக்கு உலகம் முழுதும் மழை.

நாங்கள் அவரைப் பகிடி பண்ணாமல் இருந்ததில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்த சாரதி ஒருவன் இருந்தான். ஈரத்துணி வெப்பமானியைக் காணும்போதெல்லாம், "அண்ணை, காய்ச்சல்காரனுக்கு இப்ப எப்பிடி? பத்தியம் ஏதும் குடுக்கவோ?" என்று கேட்பான். அவரும், "உன்னை விட அவன் உண்மை கதைப்பான், போடா" என்பார். அந்த டிசம்பரில், நான் சொல்லப்போகும் நாளுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர், அவருக்கு ஒரு கணிப்புப் பிழைத்தது. பனி வரும் என்று சொல்லி ஏழு வான்களையும் அனுப்பினார். எல்லா இடமும் உப்புப் போட்டோம். மத்தியானம் வரை அடைமழை, பிறகு வெயில். முற்றத்துக்குத் திரும்பிய சாரதி வானை விட்டு இறங்காமலே கத்தினான்: "தண்ணியும் இருக்கு, உப்பும் இருக்கு. புளியும் மிளகும் தாங்கோ அண்ணை, வடக்கு லண்டனுக்கே ரசம் வைப்பம்!" எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அடுத்த நாள் பகுதி மேலாளர் வந்து அவரைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதைத்தார். அந்த அம்மா குரலை உயர்த்துகிறவர் அல்ல. கதவைத் திறந்து வெளியே வந்த அண்ணை, நேரே சுவருக்குப் போய், ஜாம் போத்தலுக்குத் தண்ணீர் விட்டார். அன்று முழுவதும் யாரோடும் பகிடி விடவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையிலிருந்து வானம் தாழ்ந்து, சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றது. செயலிகளில் ஒன்று மழை என்றது, ஒன்று பனி என்றது, மூன்றாவது இரண்டின் படத்தையும் போட்டு வைத்திருந்தது. முற்றத்தில் வெறும் வெப்பமானி இரண்டு பாகை காட்டியது, ஈரத்துணி அரைக்குச் சற்று மேல். என்னை உச்சிக்கு அனுப்பினார். என் வானில் உப்பு மூட்டைகள் நிறைந்திருந்தன. குன்றின் மேல் ஒரு முதியோர் இல்லம் எங்கள் பொறுப்பில் இருந்தது. அதன் வாசலுக்கு நீளமான சரிவுப் பாதை. அந்தப் பாதையால் தினமும் பின்னேரம் நான்கு மணிக்கு ஒரு வயதான ஐயா, உள்ளே இருந்த தன் மனைவியைப் பார்க்க வருவார். நாங்கள் உப்புப் போடும் நாட்களில் எங்களைக் கண்டால் தொப்பியைத் தொட்டு, பனி நிலத்தில் தங்குமா என்று கேட்பார். இந்த நாட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதான். ஆனால் அவர் நின்று பதிலுக்குக் காத்திருப்பார்.

என் சப்பாத்துகள் இரண்டும் பக்கவாட்டில் பிளந்திருந்தன. கொம்பனியிடம் கேட்டால் புதிது தந்திருப்பார்கள், நான் கேட்கவில்லை. விட்டுப் போகப்போகிற இடத்தில் எதற்குச் சப்பாத்து என்று நினைத்திருக்கலாம். இரண்டு மணிக்கும் இரண்டேகாலுக்கும் விதிப்படி இறங்கி நின்று பார்த்தேன். மழை. இரண்டாவது முறை நின்றதில் இரண்டு காலும் நனைந்துவிட்டன. ஏறி வந்து, காலுறைகளைக் கழற்றிப் பிழிந்து, சூட்டுக்காற்று வரும் துவாரத்தின் மேல் காயப்போட்டேன். வெறுங்காலை அந்தக் காற்றில் நீட்டிக்கொண்டு இருந்தேன். வைப்பர் முன்னால் போய்வந்துகொண்டிருந்தது. இரண்டரைக்குப் போன் அடித்தது.

"தம்பி, மேல என்ன மாதிரி?"

கண்ணாடியைப் பார்த்தேன். பெரிய பெரிய துளிகள் உருண்டு வழிந்தன.

"மழைதான் அண்ணை."

"நடுவில நிக்கிறவன் கலவை துவங்கிட்டுது எண்டுறான். உனக்கு இன்னும் மழையோ? வெளியில நிண்டோ சொல்லுறாய்?"

ஈரக் காலுறையைத் திரும்ப மாட்ட வேண்டும் என்ற நினைப்பு ஒன்றே போதுமாக இருந்தது. "ஓம் அண்ணை" என்றேன்.

"சரி. அப்ப இன்னும் நேரம் இருக்கு. கீழ வா. கிளினிக் வாசலில தண்ணி தேங்கி நிக்குதாம், வழிச்சுவிட்டிட்டுப் பிறகு மேல போ."

காலுறையை மாட்டிக்கொண்டு, புறப்படுவதற்கு முன் பின்கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க இறங்கினேன். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். கறுப்புத் துணியில் வெள்ளை. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பத்துக்கு மேலும் வெள்ளையாகவே இருந்தது. என் பின்னால் வான் நிறைய உப்பு. சரிவுப் பாதைக்கு ஐந்து நிமிட ஓட்டம். போன் கையில் இருந்தது. திரும்ப எடுத்துச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஒரு நிமிடத்துக்கு முன் மழை என்றவன் இப்போது எப்படிப் பனி என்பது? முதல் சொன்னது பொய் என்று தெரிந்துவிடுமே. கெதியாகத் தண்ணீரை வழித்துவிட்டு வந்துவிடலாம், நான்கு மணிக்கு முன் வந்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குன்றை விட்டு இறங்கினேன். மற்றதெல்லாம் என் சோம்பல். இந்த ஒன்றுக்குத்தான் எனக்கு இன்றுவரை பெயர் தெரியவில்லை.

வீதிகள் அடைத்துவிட்டன. பனி என்றதும் லண்டனில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் புறப்படுவார்கள். நான் திரும்ப மேலே ஏறியபோது நான்கரை, இருட்டிவிட்டது. இல்லத்தின் வாசலில் அம்புலன்ஸ் நின்றது. சரிவுப் பாதையில் நனைந்த பனி கால்பட்டுக் கால்பட்டுக் கண்ணாடியைப் போல இறுகியிருந்தது. ஐயாவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ அவருடைய தொப்பியை அவரின் நெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். நான் வானின் பின்கதவைத் திறந்து, உப்பை எடுத்து, அந்தப் பாதை முழுதும் போட்டேன். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. விசாரணை வந்தது. பகுதி மேலாளர் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் அண்ணையைக் கேட்டார்: உச்சியிலிருந்து மழை என்று சொன்னது யார்? நான் இரண்டு முழத் தூரத்தில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. யார் என்ன சொன்னாலும் முடிவு என்னுடையது, அதனால் பிழையும் என்னுடையது என்று அவருடைய ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. மட்டக்களப்புக்காரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அன்றைக்கு உச்சியில் நின்றது யார் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் நான் உள்ளே இருந்தது தெரியாது, உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிழமையில் அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். அவர் போன பிறகு ஜாம் போத்தலுக்கு யாரும் தண்ணீர் விடவில்லை. துணி காய்ந்து, இரண்டு வெப்பமானிகளும் ஒரே எண்ணைக் காட்டின.

அவருடைய இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. பகுதி மேலாளர் என்னை இரண்டு முறை கேட்டார். உச்சியில் அதிகம் நின்றவன் நீதான், உனக்குத்தான் அந்த வேலை விளங்கும் என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு லெஸ்டர்க் கூட்டாளிக்குப் போன் எடுத்தேன்.

பெப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள் அந்த இல்லத்துக்கு உப்புப் போடப் போனேன். சமையலறையில் வேலை செய்த திருச்சிப் பெண் குப்பைப் பையோடு வெளியே வந்தார். முன்பும் இரண்டு வார்த்தை பேசியிருக்கிறோம். அந்த ஐயா எப்படி என்று கேட்டேன்.

"போயிட்டாருண்ணே. ஆஸ்பத்திரியிலேயே நெஞ்சுல சளி கட்டிக்கிச்சாம். போன வாரம். அந்தம்மாவுக்குச் சொன்னா புரியமாட்டேங்குது. நாலு மணி ஆச்சுன்னா தலையச் சீவிக்கிட்டுக் கதவப் பாத்து உக்காந்துக்கிறாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கிங்ஸ்பரிக்குப் போனேன். கதவைத் திறந்தது அக்கா, அண்ணையின் மனைவி. "இப்பதான் தம்பிக்கு வழி தெரிஞ்சுதோ? வா, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா" என்றார். பகல் இரண்டு மணிக்கும் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. முன்னறை யன்னலின் சீலை இழுத்து மூடியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு அக்கா குரலைத் தாழ்த்தினார்: "திறக்க விடுறாரில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துதாம். எனக்குத் தெரியாதே, ஆளுக்கு வானத்தைப் பாக்க ஏலாது."

அவர் தரையில் பேப்பரை விரித்து, ஒரு பெரிய தாச்சிச் சட்டி நிறைய உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். வெம்பிளியில் மச்சானின் சாப்பாட்டுக் கடைக்கு. "பாத்தியே, இப்ப நான் உள்ளிக்குப் பொறுப்பாளர்" என்றார். சிரித்தேன். தேத்தண்ணி வந்தது. அக்கா குசினிக்குத் திரும்பும் வரை பொறுத்திருந்தேன்.

"அண்ணை, அண்டைக்கு நான் வெளியில நிக்கேல்லை. வானுக்குள்ள இருந்து சொன்னனான்."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"வைப்பர் சத்தம் கேட்டது. வெளியில நிக்கிறவன்ர போனுக்குள்ள வைப்பர் என்னெண்டு கேக்கும்?"

இரண்டு மாதமாக நான் சுமந்து திரிந்தது அவருக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு முதலில் வந்தது கோபம் போன்ற ஒன்று. "தெரிஞ்சு கொண்டு ஏன் அண்ணை மழை எண்டு எழுதினனீங்கள்? இறங்கிப் பாரடா எண்டு ஏசியிருக்கலாமே!"

இப்போது கத்தியை வைத்தார். விரல்களில் ஒட்டியிருந்த உள்ளித் தோலை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"அதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல்தானே ரசம் வச்சனாங்கள். இன்னொருக்காச் சும்மா உப்புப் போட்டா இந்த இடத்தில நீங்கள் இருக்க ஏலாது எண்டு அந்த மனிசி சொல்லிப்போட்டுது. ஈரத்துணி அரையில நிக்குது. நடுவில நிக்கிறவன் கலவை எண்டுறான். எனக்கு விளங்குது, ஸ்னோதான் வரப்போகுது. ஆனா எனக்கு மழை வேணும் போல இருந்தது தம்பி. நீ மழையைக் கொண்டுவந்து தந்தாய். நான் வாங்கிட்டன். சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் வாங்கினனான்."

குசினியில் இடியப்பம் பிழியும் உரல் கிறீச்சிட்டது. அவர் குரல் மாறாமல் தொடர்ந்தார். "நீ எனக்கு முன்னால வந்திருந்து சொல்லிப்போட்டாய். நான் போய் ஆரிட்டைச் சொல்லுறது?"

தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவர் அதைக் கேட்டார்.

"அந்த ஐயா எப்பிடி? எழும்பி நடக்கிறாரே?"

அவருக்குத் தெரியாது என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. வேலை போன பிறகு அவருக்கு யார் போய்ச் சொல்வது? நடக்கிறார் அண்ணை, தடி பிடிச்சு நடக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட விதத்தில் இருந்தே தெரிந்தது, அவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்று. அந்த மூடிய சீலையையும் விளக்கையும் பார்த்தேன். நடக்கிறார் என்று ஒரு சொல் சொன்னால் நாளைக்கே அந்தச் சீலை திறக்கும். சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அன்றைக்கு எவ்வளவு இலகுவாக வந்ததோ அதே இலகுவோடு வந்தது.

"செத்துப்போனார் அண்ணை. ஆஸ்பத்திரியில. இப்ப ஒரு பத்து நாள் இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். கத்தியை எடுத்து இன்னும் நான்கைந்து உள்ளி உரித்தார். பிறகு தாச்சியைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு முழங்கால்களிலும் கையை ஊன்றி, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் செய்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒரு மனிதருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் பொய்யும், தேவையில்லாத நேரத்தில் உண்மையும் சொன்னவன் நான் என்று சில வேளை தோன்றும்.

எழும்பினேன். அக்கா ஐஸ்கிரீம் பெட்டியைக் கையில் திணித்தார், வேண்டாம் என்றால் கேட்கிறவர் அல்ல. அண்ணை கதவு வரை வந்தார். "என்ர இடத்துக்கு இப்ப ஆர்?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை. என்னைக் கேட்டவை."

"என்ன சொன்னனீ?"

"நான் லெஸ்டருக்குப் போகப்போறன் அண்ணை."

"ம்" என்றார். "நீ எப்பவும் போறவன்தானே." குத்திக்காட்டிச் சொல்லவில்லை. என் உயரத்தையோ நிறத்தையோ சொல்வது போலச் சொன்னார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான். அடுத்த வருடமே கனடாவுக்கு மகளிடம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே மழையா பனியா என்று தலையை உடைக்கத் தேவையில்லை, விழுவது பனிதான். இப்போது எங்கள் கைத்தொலைபேசிகள் மஞ்சள் எச்சரிக்கை என்று தாமாகவே அலறுகின்றன. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு என்றுகூடச் சொல்கின்றன. சுவரில் ஜாம் போத்தல் கட்டுகிறவர்கள் இல்லை. சொன்னது பிழைத்தாலும் யாரும் யாரையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிடுவதில்லை. பிழைவிட்டதற்காக இரண்டு மாதம் சீலையை மூடி வைத்திருக்கும் செயலியும் கிடையாது.

அன்று வெம்பிளி வரை நடந்து, அங்கிருந்து ரயில் எடுத்து அறைக்குப் போனேன். பையை அடுக்கினேன். எனக்கு இருந்ததெல்லாம் பாதிப் பைக்குக்கூடக் காணாது. அறைக் கூட்டாளிகள் இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, யார் வீட்டுச் சொதி, இவ்வளவு ருசியாக இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு அண்ணை வீட்டுச் சொதி என்றேன்.

காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். லெஸ்டருக்கான பஸ் ஒன்பது மணிக்கு. ஏழரைக்கு எட்மண்டன் முற்றத்தில் நின்றேன். பகுதி மேலாளர் கண்ணாடி அறைக்குள் இருந்தார். பையோடே உள்ளே போய், அன்றைக்கு உச்சியில் நின்றவன் நான், வானுக்குள் காலைச் சூடாக்கிக்கொண்டு இருந்தேன், வெளியே நிற்கிறேன் என்று பொய் சொன்னேன், என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அந்தக் கோப்பு மூடியாகிவிட்டது என்றார். அதைத் திறந்தாலும் செத்துப்போன அந்த மனிதர் திரும்ப வரப்போவதில்லை, நீயும் போய்விடுவாய், இன்னும் ஒரு மாதக் குளிர் இருக்கிறது, எனக்கு ஆள் இல்லை என்றும் சொன்னார். பிறகு என் பையைக் காட்டி, நீ இருக்கிறாயா போகிறாயா என்று கேட்டார். என்னைத் தண்டிக்கத்தான் வேண்டும் என்று நான் யாரிடம் போய்க் கேட்பது? ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது என்று அண்ணை கேட்டது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. பையை இறக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.

முற்றத்தில் மற்றவர்கள் வான்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். வானம் தாழ்ந்திருந்தது. மெல்லிய தூறல், பாகை ஒன்றரை. மட்டக்களப்புக்காரனுக்குச் செய்தி அதற்குள் எட்டிவிட்டது. வழக்கம் போல வாயைக் கோணிக்கொண்டு, "சொல்லுங்கோ புதுப் பொறுப்பாளர், மழையோ ஸ்னோவோ? வானை எடுக்கவோ, படுக்கவோ?" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டு, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தார்கள்.

"தெரியாது" என்றேன். "மேல போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுறன். அதுவரைக்கும் ஒருத்தரும் எடுக்கவேண்டாம்."

வானின் திறப்பை வாங்கிக்கொண்டு குன்றுக்குப் புறப்பட்டேன்.